‘ரெஃபியூஜி’: ஒரு சொல் கடந்து வந்த பாதை

இந்நாட்டு விமான நிலையத்தில் வந்திறங்கிய நம்மவருட் பலர் முதன்முதலில் உச்சரித்த ஆங்கிலச் சொல் வணக்கத்துக்குரியதும் அன்று, நன்றிக்குரியதும் அன்று. ‘ரெஃபியூஜி’ என்பதே அச்சொல். வேறெதுவும் பேச வேண்டாம், அந்த ஒன்றை மட்டும் சொன்னாற் போதும் என்று வழியனுப்பியவர் சொல்லிக் கொடுத்திருந்தார். மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரியோ தம் தாளில் வேறொரு சொல்லை எழுதினார்: ‘அசைலம் சீக்கர்’. மறுநாட் பத்திரிகை நம்மை ‘மைக்ரன்ட்’ என்றது. சில ஆண்டுகள் கழிந்தபின் அயலவர் ‘இமிகிரன்ட்’ என்றார். நம்முள் எழுத்தாளராய் இருந்தவரை மட்டும் இலக்கியக் கூட்டமொன்றில் ‘எக்சைல்’ என்று அறிமுகப்படுத்தினார்கள்.

அகராதியைப் புரட்டினால் இவையனைத்தும் ஏறத்தாழ ஒருபொருட் சொற்களாகவே தோன்றும். ஊர்விட்டு ஊர் வந்தவன் என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்பொருள். ஆயினும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு கதவுக்குரிய திறவுகோலாகும். ஒன்று வதிவிட உரிமையைத் தரும். மற்றொன்று தடுப்பு முகாமுக்கு இட்டுச் செல்லும். ஆகவே இச்சொற்கள் எங்கே பிறந்தன, யாரால் எதற்காக வழங்கப்பட்டன என்பதை அறிவது நமக்கு வெறும் மொழியாராய்ச்சியன்று.

பீப்பாய்க்குள் ஒளிந்து வந்தவர்கள்

பிரான்சு தேசத்தில் புரட்டஸ்தாந்து மதத்தைத் தழுவியோர் ஹியூகனோக்கள் எனப்பட்டனர். கத்தோலிக்க நாட்டிலே அவர்கள் தம் முறைப்படி வழிபட 1598இல் நான்காம் ஹென்றி மன்னன் நாந்து நகரில் ஒரு சாசனம் பிறப்பித்தான். 1685 ஒக்டோபரில் பதினான்காம் லூயி மன்னன் அச்சாசனத்தை ரத்துச் செய்தான். போதகர்கள் இரு வாரங்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் எனக் கட்டளை பிறந்தது. சாதாரண மக்களோ வெளியேறவே கூடாது. தப்பியோட முயன்று அகப்பட்ட ஆண்கள் கப்பலிற் துடுப்பு வலிக்கும் அடிமைகளாக்கப்பட்டனர், பெண்கள் சிறைப்பட்டனர்.

இருந்தும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் எல்லை கடந்தனர். மதுப் பீப்பாய்களுக்குள் ஒளிந்தும், இரவில் மீன்பிடி வள்ளங்களில் ஏறியும், வழிகாட்டிகளுக்குப் பணம் கொடுத்தும் சென்றனர். இங்கிலாந்துக்கு மட்டும் 40,000 முதல் 50,000 பேர் வரை வந்து சேர்ந்தனர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. இவர்களைக் குறிக்கும் ‘ரெஃபியூஜியே’ என்ற பிரெஞ்சுச் சொல்லே 1680களில் ஆங்கிலத்துள் நுழைந்து ‘ரெஃபியூஜி’ ஆயிற்று. இலத்தீன் மொழியில் ‘ஃபூகெரே’ என்றால் ஓடுதல். ‘ரெஃபூகியம்’ என்றால் ஓடிச்சென்று ஒதுங்கும் இடம், புகலிடம். எனவே அச்சொல்லின் உள்ளே இருப்பது இழந்த வீடன்று, புகுந்த வீடு. புகலிடத்தை அடைந்துவிட்டவன் என்பதே அதன் முதற்பொருள்.

இன்று நம்மை நோக்கி, முறையான பத்திரமின்றி வந்தீர்கள், முகவருக்குப் பணம் கொடுத்து வந்தீர்கள், ஆதலால் நீங்கள் மெய்யான அகதிகள் அல்லர் என்று வாதிடுவோர் உண்டு. அன்னார் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். ஆங்கிலமொழி யாரைக் குறிப்பதற்காக அச்சொல்லை இரவல் வாங்கியதோ, அந்த முதல் அகதிகளே தம் நாட்டுச் சட்டத்தை மீறி, பணம் கொடுத்து, ஒளிந்து வந்தவர்கள்தாம்.

ஹியூகனோக்கள் இலண்டனின் கிழக்குப் பகுதியான ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் குடியேறிப் பட்டு நெசவை வளர்த்தனர். அங்கே பிரிக் லேன் என்னும் தெருவில் ஒரு கட்டிடம் இன்றும் நிற்கின்றது. 1743இல் ஹியூகனோக்களின் தேவாலயமாகக் கட்டப்பெற்ற அது, பின்னர் மெதடிஸ்த ஆலயமாகி, 1898இல் கிழக்கைரோப்பாவிலிருந்து ஓடிவந்த யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாக விளங்குகின்றது. ஒரே சுவருக்குள் நான்கு வழிபாடுகள். அவற்றுள் மூன்று, கடல் கடந்து வந்தோருடையவை.

ஆயினும், அன்று வந்தோரை எல்லாரும் ஆரத் தழுவினர் என எண்ணிவிடலாகாது. 1709இல் ஜேர்மனியின் றைன் நதிப் பிரதேசத்திலிருந்து ஏறத்தாழ 13,000 பேர் இலண்டனுக்கு வந்து குவிந்தனர். பிரெஞ்சுப் படைகளால் அவர்களது ஊர்கள் சூறையாடப்பட்டிருந்தன, முந்திய குளிர்காலம் கொடியது, வறுமையும் இருந்தது. பிளாக்ஹீத் வெளியிற் கூடாரங்களில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். இவர்கள் மதத்துக்காக ஓடிவந்தவரா, வயிற்றுக்காக ஓடிவந்தவரா என்ற வாதம் பாராளுமன்றத்திலும் பிரசுரங்களிலும் கிளம்பியது. அவர்களுட் கத்தோலிக்கர் பலர் திருப்பியனுப்பப்பட்டனர். மற்றையோரிற் பெரும்பகுதியினரை அயர்லாந்துக்கும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் அனுப்பினர். வெளிநாட்டுப் புரட்டஸ்தாந்தினருக்குக் குடியுரிமை வழங்க அதே ஆண்டு இயற்றிய சட்டத்தையும் சில ஆண்டுகளுக்குள் நீக்கினர். ‘பொருளாதார அகதி’ என்ற ஏச்சு நம் காலத்துக் கண்டுபிடிப்பு என நினைப்போர் இந்த 1709ஆம் ஆண்டை நினைவிற் கொள்வது நன்று.

பிரபுவுக்கு ஒரு சொல், பாமரனுக்கு ஒரு சொல்

ஒரு நூற்றாண்டு காலம் ‘ரெஃபியூஜி’ என்றால் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தினரே. 1790களில் நிறைவுற்ற பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் பதிப்புத்தான், துன்பக் காலத்தில் நாட்டைவிட்டு ஓடுவோர் அனைவருக்கும் இச்சொல் விரிந்துவிட்டதைப் பதிந்தது. அதே காலத்தில் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. பிரபுக்களும் குருமாரும் இங்கிலாந்துக்கு ஓடிவந்தனர். அவர்களை முன்னைய சொல்லால் அழைக்காமல் ‘எமிக்ரே’ என்றனர். வெளியேறியவர் என்பதே அதன் பொருள். ஆனால் இழந்த மாளிகையும் மீளும் நம்பிக்கையும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டன. அவர்களைக் காரணமாக வைத்தே 1793இல் பிரித்தானியா அந்நியர் வருகையைப் பதிவுசெய்து கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. ‘ஏலியன்’ என்ற சொல், அதாவது அந்நியன், சட்டத்தின் தலைப்பிலேயே வந்து அமர்ந்தது.

‘எக்சைல்’ என்பது இவற்றிலும் பழையது. நாடுகடத்தல் என்னும் தண்டனையைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. உரோமக் கவிஞர் ஓவிட் கி.பி. 8இல் கருங்கடற்கரைக்கு நாடுகடத்தப்பட்டார். தாந்தே 1302இல் புளோரன்ஸ் நகரிலிருந்து விலக்கப்பட்டார். விக்டர் ஹியூகோ 1850களிலும் 1860களிலும் ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளில் வாழ்ந்தார். இவர்கள் ஒவ்வொருவரும் பெயர் கொண்ட தனிமனிதர். அரசன் அவரை அறிந்து அஞ்சி வெளியேற்றினான். ‘ரெஃபியூஜி’யோ பன்மையில் வருபவன், பெயரில்லாதவன், எண்ணிக்கையாகக் கணக்கிடப்படுபவன். நம்மிடையேயும் இவ்வேறுபாடு புகுந்துவிட்டது. ஒரே வாகனத்தில் எல்லை கடந்த இருவரில், பேனா பிடித்தவன் எக்சைல், உணவகத்திற் கோப்பை கழுவியவன் ரெஃபியூஜி. ஓடச் செய்த காரணம் ஒன்றே. சொல்லைத் தீர்மானித்தது அவரவர் பெற்ற மரியாதை.

நியாயமாக ஒன்றைக் கூற வேண்டும். 1823 முதல் 1905 வரை பிரித்தானியா தன்னை நாடிவந்த அகதி எவரையும் தடுக்கவுமில்லை, வெளியேற்றவுமில்லை. இத்தாலிய மசீனியும் ஜேர்மானிய கார்ல் மார்க்ஸும் அக்காலத்திலேயே இலண்டனில் வாழ்ந்தனர். 1905இல், ரஷ்யப் பேரரசிலிருந்து ஓடிவந்த ஏழை யூதர் தொகை பெருகியபோதுதான் மீண்டும் ‘ஏலியன்’ சட்டம் வந்தது. கப்பலின் தாழ்ந்த வகுப்பிற் பயணம் செய்தோரையே அது பரிசோதித்தது. மேல் வகுப்பினரைத் தொடவில்லை. எனினும் மதத்துக்காகவோ அரசியலுக்காகவோ துன்புறுத்தப்பட்டு ஓடிவந்தவனை வறியவன் என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பலாகாது என்ற விலக்கொன்றும் அச்சட்டத்தில் இருந்தது.

கோயிற் கதவும் ‘அசைலமும்’

‘அசைலம்’ கிரேக்கச் சொல். ‘சூலோன்’ என்றால் பிறன் உடைமையையோ ஆளையோ கைப்பற்றும் உரிமை. அதற்கு எதிர்மறை ‘அசூலோன்’. யாரும் கைவைக்க முடியாத இடம் என்பது பொருள். கிரேக்கக் கோயில்களுக்கு அத்தகு காப்பு இருந்தது. மத்தியகால இங்கிலாந்திலும் தேவாலயத்துள் ஓடிப்புகுந்தவனைப் பிடித்தல் ஆகாது. டர்ஹம் பேராலயத்தின் கதவில் தொங்கிய வெண்கல வளையத்தைத் தட்டியவனுக்கு 37 நாட்கள் காப்பளிக்கப்பட்டது. இந்த வழக்கத்தை 1620களில் பாராளுமன்றம் ஒழித்தது.

பின்னர் இச்சொல் இறங்குமுகமாயிற்று. அநாதைகளை அடைத்த இல்லமும், மனநோயாளரை அடைத்த மருத்துவமனையும் ‘அசைலம்’ எனப்பட்டன. கைவைக்க முடியாத இடம் என்றது வெளியேற முடியாத இடம் என்றாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்பின் சொல் மீண்டும் உயர்வு பெற்றது. 1948இல் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்தபோது, துன்புறுத்தலுக்கு ஆளானோர் பிறநாட்டில் ‘அசைலம்’ நாடவும் அது வழங்கப்பெறவும் உரிமையுடையர் என்று வரைவில் இருந்தது. பிரித்தானியாவின் திருத்தத்தால் ‘வழங்கப்பெற’ என்ற சொல் நீக்கப்பட்டு ‘அனுபவிக்க’ என்ற சொல் புகுத்தப்பட்டது. பதினான்காம் உறுப்புரை இன்றும் அவ்வாறே உள்ளது. நாடலாம், கிடைத்தால் அனுபவிக்கலாம், கொடுத்தே தீரவேண்டும் என்ற கடமை எந்நாட்டுக்கும் இல்லை. ஒரு வினைச்சொல்லின் மாற்றத்தில் எத்தனை பேருடைய விதி அடங்கியிருக்கின்றது என்பதை நம்மவர் தத்தம் அனுபவத்தாலேயே அறிவர்.

‘அசைலம் சீக்கர்’ என்னும் தொடர் 1980களிலும் 1990களிலும் பெருவழக்காயிற்று. ‘ரெஃபியூஜி’ என்பவன் புகலிடத்தை அடைந்துவிட்டவன் என்று முன்னர் கண்டோம். ‘சீக்கர்’ என்பவனோ இன்னும் தேடிக்கொண்டிருப்பவன். பத்து ஆண்டுகளாக அந்நாட்டு மண்ணிலே நின்றாலும், சொல்லளவில் அவன் கதவுக்கு வெளியேதான் நிற்கின்றான்.

ஒருவனே அகதி, ஒருவனே எதிரி

முதல் உலகப் போரின்பின் இலட்சக்கணக்கான ரஷ்யர் தம் நாட்டை இழந்தனர். 1921 டிசெம்பரில் சோவியத் அரசு அவர்களிற் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. அதே ஆண்டு நோர்வே நாட்டுத் துருவ ஆய்வாளர் ஃபிரிட்ஜொஃப் நான்சன் சர்வதேச சங்கத்தின் அகதிகள் உயர்ஸ்தானிகரானார். 1922இல் அவர் பெயரால் ஒரு பயணப் பத்திரம் உருவாயிற்று. ரஷ்யனாயிருந்து தன் அரசின் பாதுகாப்பை இழந்தவன் என்று காட்டினாற் போதும். 1924இல் ஆர்மீனியருக்கும் அது விரிந்தது. எழுத்தாளர் நபொக்கொவும் ஓவியர் சகாலும் அப்பத்திரத்தோடு வாழ்ந்தவர்களே. ஒவ்வொருவனும் தனித்தனியே தன் அச்சத்தை நிரூபிக்க வேண்டும் என்று அக்காலத்தில் யாரும் கேட்கவில்லை.

1930களில் யூதரின் ஓட்டம் தொடங்கியபோது நிலைமை மாறிற்று. 1938 யூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடின. அனுதாபம் தெரிவித்தன, டொமினிக்கன் குடியரசைத் தவிர எந்நாடும் கதவை அகலத் திறக்கவில்லை. 1939 மே மாதத்தில் ‘சென் லூயி’ என்னும் கப்பல் 937 பயணிகளோடு ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து கியூபாவுக்குப் புறப்பட்டது. கியூபச் சட்டம் சுற்றுலாப் பயணிக்கும் அகதிக்கும் வேற்றுமை கற்பித்திருந்தது. அகதிக்கு விசாவும் 500 டொலர் பிணையும் வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு வேண்டியதில்லை. எனவே அம்மக்களிற் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள் என்ற பெயரிலேயே இறங்கும் அனுமதி பெற்றிருந்தனர். கப்பல் புறப்படும் முன்னரே அந்த அனுமதி செல்லாதாக்கப்பட்டது. கியூபா சிலரைத் தவிர ஏனையோரை இறக்க மறுத்தது. அமெரிக்காவும் கனடாவும் மறுத்தன. கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பிற்று. அதிற் பயணித்தோருள் 254 பேர் பின்னர் நாசிகளின் இன அழிப்பில் மாண்டனர்.

பிரித்தானியாவை அடைந்தவர் நிலையும் விசித்திரமானது. ஹிட்லரிடமிருந்து தப்பி ‘ரெஃபியூஜி’யாக ஏற்கப்பட்டவர்கள், 1940இல் ஜேர்மானியக் குடிகள் என்ற காரணத்தால் ‘எதிரி அந்நியர்’ என்ற பெயரில் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவ்வாறு அடைபட்டோர் 20,000க்கும் மேற்பட்டோர். கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பலேற்றப்பட்டவரும் உண்டு. மனிதன் மாறவில்லை; கோப்பில் இருந்த சொல் மாறிற்று.

அமெரிக்காவில் அடைக்கலம் பெற்றிருந்த மெய்யியலாளர் ஹன்னா அரெண்ட், 1943இல் அகதிகளாகிய தம்மவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தம்மை அச்சொல்லால் அழைப்பதை யாரும் விரும்புவதில்லை, புதிதாக வந்தோர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள் என்று அதிற் கசப்போடு குறித்தார். 1685இற் பெருமையாயிருந்த சொல் இரண்டரை நூற்றாண்டுகளில் அணிந்தவரே கழற்றியெறிய விரும்பும் சொல்லாகிவிட்டது.

போர் முடிந்ததும் நேசநாடுகள் இன்னொரு தொடரை வழங்கின: ‘டிஸ்பிளேஸ்ட் பேர்சன்’. பெயர்க்கப்பட்ட ஆள் என்பது பொருள். மேசையை நகர்த்தியது போல ஒருவனை நகர்த்தியாயிற்று, மீண்டும் பழைய இடத்தில் வைத்துவிட்டால் முடிந்தது என்ற எண்ணம் அதில் தொனித்தது. அதன் சுருக்கமான ‘டி.பி.’ கனடாவின் தெருக்களில் வசைச்சொல்லாயிற்று. அவுஸ்திரேலியாவின் குடிவரவு அமைச்சர் ஆர்தர் கால்வெல், ‘புதிய அவுஸ்திரேலியர்’ என்று அழைக்கும்படி மக்களை வேண்டினார். பெயரை மாற்றினால் வெறுப்பும் மாறும் என்ற நம்பிக்கை எக்காலத்தும் உண்டு.

1951: சட்டம் வகுத்த அச்சம்

1951 யூலை 28இல் ஜெனீவாவில் அகதிகள் சாசனம் நிறைவேறியது. இனம், மதம், தேசியம், குறித்ததொரு சமூகக் குழு, அரசியற் கருத்து ஆகிய ஐந்து காரணங்களில் ஒன்றால் துன்புறுத்தப்படுவோம் என்ற, நன்கு ஆதாரப்பட்ட அச்சத்தினால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவனே அகதி என்று அது வரையறுத்தது. சட்டவிரோதமாக நுழைந்ததற்காக, நேரே ஓடிவந்த அகதியைத் தண்டிக்கலாகாது என்றும், உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பியனுப்பலாகாது என்றும் விதித்தது. பீப்பாயில் வந்த ஹியூகனோவை அச்சாசனம் மறக்கவில்லை எனலாம்.

ஆனால் வரையறை என்பது வேலி. அவ்வேலிக்கு வெளியே நின்றோர் பலர். 1951 ஜனவரி 1க்கு முந்திய நிகழ்வுகளால் அகதியானோருக்கே முதலில் அது பொருந்தியது. ஐரோப்பிய நிகழ்வுகளோடு மட்டும் நிறுத்திக்கொள்ளவும் அரசுகளுக்கு இடமிருந்தது. 1947இல் இந்திய-பாகிஸ்தான் பிரிவினையில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இடம் மாறினர். சாசனம் அவர்களை மனத்திற் கொண்டு எழுதப்பட்டதன்று. பாலஸ்தீனருக்கெனத் தனி நிறுவனம் 1949இல் அமைந்தமையால் அவர்களும் புறத்தே நிறுத்தப்பட்டனர். காலம், இடம் என்னும் தடைகளை 1967ஆம் ஆண்டு நெறிமுறை அகற்றியது. அதன்பின்னரே ஆசிய, ஆபிரிக்க மக்களுக்கு இச்சொல் சட்டப்படி உரியதாயிற்று. நம் ஈழத் தமிழரும் அக்கதவாலேயே நுழைந்தோம்.

நம்மவர் எழுதிய பக்கம்

இச்சொல்லின் வரலாற்றில் நம் மக்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 150க்கும் மேற்பட்ட தமிழரை உள்ளூர் மீனவர் கண்டு காப்பாற்றினர். முதலில் நாடெங்கும் இரக்கம் பெருகியது. கப்பல் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியிலிருந்து என்று தெரியவந்ததும் ‘போலி அகதி’ என்ற சொல் எழுந்தது. 1987 பெப்ரவரியில் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர் சிலர் ஓடுபாதையருகே தம் உடைகளைக் களைந்து நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். நீதிமன்றத் தடையால் அன்று விமானம் அவர்களின்றியே சென்றது. அதே ஆண்டில், உரிய பத்திரமின்றிப் பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனம் ஆளொருவருக்கு 1,000 பவுண் செலுத்த வேண்டும் எனப் பாராளுமன்றம் சட்டமியற்றியது.

அதே ஆண்டு டிசெம்பரில் ஆறு தமிழரின் வழக்கு பிரபுக்கள் சபையில் முடிவுற்றது. ‘நன்கு ஆதாரப்பட்ட அச்சம்’ என்றால் என்ன என்பதே அங்கே எழுந்த வினா. அஞ்சுபவனின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும், அவனுக்கு அஞ்சுவதற்கு நல்ல காரணம் தென்பட்டாற் போதும் என்ற வகையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பிரபுக்கள் சபை அதை மாற்றியது. அச்சம் உள்ளத்தில் இருந்தால் மட்டும் போதாது. துன்புறுத்தல் நிகழக்கூடிய நியாயமான வாய்ப்பு உண்மையில் இருக்க வேண்டும், அதை அதிகாரி தம்மிடமுள்ள தகவல்களைக் கொண்டு நிறுத்துப் பார்க்கலாம் என்றது. 1988 பெப்ரவரியில் அவர்களுள் ஐவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். 1989இல், வெளிநாட்டிலிருந்தே அவர்கள் தொடர்ந்த மேன்முறையீட்டில், அவர்களது அச்சம் ஆதாரமுள்ளதே என்று விசாரணையாளர் தீர்ப்பளித்தார். அதன்பின் அவர்கள் மீண்டும் இங்கிலாந்துக்கு வந்தனர்.

தமிழரல்லாத எத்தனையோ நாட்டவரின் விண்ணப்பங்களை அளப்பதற்கும் அத்தீர்ப்பே அளவுகோலாயிற்று. அச்சம் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லின் பொருளை, நம்மவர் தம் உயிரைப் பணயம் வைத்துத் தெளிவுபடுத்த நேர்ந்தது.

எல்லை தாண்டாதோரும் நாடற்றோரும்

சாசனத்தின் வரையறையில் ‘தன் நாட்டுக்கு வெளியே’ என்றோர் அடை உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் வலிகாமத்திலிருந்து செம்மணி வழியே நடந்த இலட்சக்கணக்கான தமிழரும் இவ்வடையினால் அகதிகள் ஆகார். அவர்கள் ‘உள்ளக இடம்பெயர்ந்தோர்’. இத்தகையோருக்கெனச் சூடானிய அறிஞர் பிரான்சிஸ் டெங் தலைமையில் உருவான வழிகாட்டு நெறிகள் 1998இலேயே ஐக்கிய நாடுகள் சபையின் முன் வந்தன. அவை நெறிகள், கட்டுப்படுத்தும் சட்டமல்ல. 2009இல் வவுனியா மெனிக் பாமில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்ட மக்களை இலங்கை அரசு இடம்பெயர்ந்தோர் என்று கூடச் சொல்லத் தயங்கி, அம்முகாம்களுக்கு ‘நலன்புரிக் கிராமங்கள்’ என்று பெயரிட்டது.

ஊரைவிட்டு அசையாமலே நாட்டை இழந்தவரும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ‘நாடற்றவர்’ ஆக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. கப்பலேறிச் சென்றோரை இந்தியாவில் ‘தாயகம் திரும்பியோர்’ என்றனர். அவர்களிற் பலர் அந்தத் தாயகத்தை அதற்குமுன் கண்டதேயில்லை.

தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஈழத்தமிழரின் நிலை வேறு. இந்தியா 1951ஆம் ஆண்டுச் சாசனத்தில் ஒப்பமிடவில்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம், பத்திரமின்றி வந்தோரைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று வகுத்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியை அடைத்தது. 2021 ஓகஸ்டில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், அகதி முகாம் என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றினார். அன்பான செயலே. ஆனால் பெயர்ப்பலகை மாறிய அன்று, உள்ளே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் குடியுரிமை கிடைத்துவிடவில்லை.

சொல்லை விட்டோடும் காலம்

அண்மைக் காலத்தில் ‘ரெஃபியூஜி’ என்ற சொல்லையே தவிர்க்கும் போக்கு வளர்ந்துள்ளது. 2005இல் கத்ரீனா சூறாவளியால் நியூ ஓர்லியன்ஸ் நகரை விட்டோடிய அமெரிக்கக் கறுப்பின மக்களைச் சில ஊடகங்கள் அச்சொல்லால் அழைத்தபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. நாங்கள் இந்நாட்டுக் குடிமக்கள் என்றனர். 2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் 492 தமிழர் கனடாவை அடைந்தனர். 2012இல் கனடா இயற்றிய சட்டம், கூட்டமாக இவ்வாறு வருவோரை ‘குறிக்கப்பட்ட வெளிநாட்டவர்’ என்று பெயரிட அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. அப்பெயர் விழுந்தால் தடுப்புக்காவல். அகதியென ஏற்கப்பட்டாலும் ஐந்தாண்டுகளுக்கு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. 2015இல் மத்தியதரைக் கடலில் மூழ்கியோரை ‘மைக்ரன்ட்’ என்று இனி எழுதுவதில்லை என அல்ஜசீரா ஆங்கிலச் சேவை அறிவித்தது. 2022இல் போரிலிருந்து தப்பிவந்த உக்ரேனியரைத் தம் வீடுகளில் ஏற்ற பிரித்தானியர், அரசின் திட்டப்படியே, அவர்களை ‘விருந்தினர்’ என்று அழைத்தனர். விருந்தினருக்கு வீடு திறந்தது. அகதி நிலை தரும் நீண்டகால உரிமை அச்சொல்லில் இல்லை.

நம் மொழியில்

இவற்றையெல்லாம் நாம் ‘அகதி’ என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்க்கின்றோம். அது வடமொழி. கதி என்றால் வழி, போக்கிடம். அகதி என்றால் அது அற்றவன். அகதிக்குத் தெய்வமே துணை என்ற பழமொழியில் அச்சொல் நாடிழந்தவனைக் குறிக்கவில்லை, ஆதரவற்ற ஏழையையே குறித்தது. ஆங்கிலச் சொல் அடைந்த இடத்தைப் பேச, நம் சொல் இல்லாமையைப் பேசுகின்றது. தனித்தமிழாக வழங்கும் ‘ஏதிலி’யோ அயலார் எனப் பொருள்படும் ‘ஏதிலார்’ என்ற பழஞ்சொல்லின் உறவு.

ஆனால் நம் முன்னோரிடம் வேறு சொற்களும் இருந்தன. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து கூடி இனிது வாழ்ந்த பலமொழி மக்களைப் புலம்பெயர்ந்தோர் என்றே குறிக்கின்றது. அங்கே அது இழிசொல்லன்று. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்குப் பெயரே அடைக்கலக் காதை. ஊர்விட்டு மதுரைக்கு வந்த கண்ணகியைக் கவுந்தியடிகள் இடைக்குல மாதரியிடம் ஒப்படைக்கிறார். அடைக்கலம் என்பது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். அச்சொல்லில் வந்தவன் தன் அச்சத்தை நிரூபிக்கும் கடமை இல்லை. பெற்றுக்கொண்டவர் காக்கும் கடமையே உண்டு.

சட்டத்திலும் இதற்கு நெருங்கிய ஓர் ஒளிக்கீற்று உண்டு. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகரகம் 1979இல் வெளியிட்ட கைந்நூல் ஒன்றைத் தெளிவாக்குகின்றது. அரசு அங்கீகரிப்பதனால் ஒருவர் அகதியாவதில்லை. அகதியாக இருப்பதனாலேயே அவர் அங்கீகரிக்கப்படுகின்றார். அதாவது கடிதம் வரும்முன்னரே, அதிகாரி முத்திரை குத்தும்முன்னரே, ஓடப் புறப்பட்ட அந்த இரவிலேயே அச்சொல் அவருடையதாகிவிட்டது. மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானொரு பொய்யனா என்று தன்னைத்தானே கேட்டு வருந்தும் நம் சகோதரர், சகோதரியர் பலர் இதை அறியமாட்டார். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ‘ரெஃபியூஜி’ என்று யாரேனும் ஏசினால் அவர்கள் தலைகுனிய வேண்டியதில்லை. 1694இல் இங்கிலாந்து வங்கி தோன்றியபோது அதன் முதல் ஆளுநராயிருந்த சேர் ஜோன் ஹூப்லோன், புரட்டஸ்தாந்து அகதிக் குடும்பத்தின் வழித்தோன்றல். அவருடைய முகம் தாங்கிய அவ்வங்கியின் ஐம்பது பவுண் தாள் 1994 முதல் 2014 வரை புழக்கத்தில் இருந்தது. அச்சொல்லோடு கரையிறங்கியோரின் மரபு அத்துணைப் பழையது, நாமும் அம்மரபினரே.